நொஹ்ரா வீட்டுக் காப்பி

பெய்ரூத், 12 ஜனவரி 1995

கஃபர் தீனா பங்குத்தந்தை அவர்களுக்கு,

நேற்று மாலை துமித் தன் பேருந்தை எங்கள் அச்சக வாசலிலேயே நிறுத்தினான். பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. அவன் சட்டை செய்யவில்லை. அம்மா கொடுத்தனுப்பிய ரொட்டிப் பையை நீட்டிவிட்டு, என் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"ஊருக்கே நல்ல காலம் பொறந்துருச்சு ரஃப்கா. ஒங்க அப்பா மனசு வேற யாருக்கு வரும்!"

"என்ன ஆச்சு துமித்?"

"தெரியாத மாதிரி கேக்குறியே தாயி. திருமுழுக்குத் திருநாளுக்கு வீடு மந்திரிக்கப் போனாரில்ல? நொஹ்ரா வீட்ல ஒக்காந்து காப்பி குடிச்சுட்டாரு. சும்மா வாய வச்சுட்டு வைக்கல, அடி வண்டல் தெரியுற வரைக்கும் குடிச்சாராம்!"

நான் கையை இழுத்துக்கொண்டேன். குளிர் போல என்று நினைத்துக்கொண்டு அவன் வண்டியை எடுத்தான்.

இன்று காலையிலிருந்து என் முன்னால் இருக்கும் அச்சுப்படிகளில் ஒரு பிழைகூட என் கண்ணில் படவில்லை. பிழை பார்க்கத்தான் எனக்குச் சம்பளம். அதனால் பேனாவை எடுத்து உங்களுக்கு எழுதுகிறேன். உங்களுக்குத் தெரிந்ததையே எழுதப் போகிறேன். மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது.

உங்களுக்கு ஒரு மகன் இருந்தான். பெயர் ஷலீத்தா. வயது பதினேழு. பதினோரு வருடத்துக்கு முன், பனி பெய்த ஒரு பிப்ரவரியில், மில்லுக்கு மாவு வாங்க ஊர் வண்டியில் போனான். பாலத்தடிச் சோதனைச்சாவடியில் துப்பாக்கிக்காரர்களோடு நம் ஊர் நொஹ்ரா நின்றிருந்தான். வண்டியிலிருந்தவர்களை அவர்களுக்குத் தெரியாது. நொஹ்ராவுக்குத் தெரியும். 'இவன்தான்' என்று கை காட்டினான். எதற்கு இவன், என்ன செய்தான் இவன், யாருக்கும் இன்றுவரை தெரியாது. மறுநாள் ஷலீத்தாவைப் பள்ளத்தாக்கிலிருந்து தூக்கி வந்தார்கள். வெறுங்காலோடு வந்தான். அந்த வாரம்தான் அம்மா திரிப்போலிக்குப் போய் அவனுக்குப் பழுப்பு நிறத்தில் பூட்ஸ் வாங்கி வந்திருந்தாள். அந்தப் பூட்ஸ் எங்கே போயிற்று என்று அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அன்றிலிருந்து நம் வீட்டார் அந்த வீட்டில் காப்பி குடித்ததில்லை. நம் ஊரில் அதற்கு என்ன பொருள் என்று குழந்தைக்கும் தெரியும். கோப்பையைத் தொட்டால் கணக்குத் தீர்ந்தது. பங்குத்தந்தை என்பதால் வருடா வருடம் அங்கே போனீர்கள், தீர்த்தம் தெளித்தீர்கள், நின்றபடியே திரும்பினீர்கள். நொஹ்ராவின் மனைவி வதாத் புருஷனுக்காக வருடா வருடம் உங்கள் முன் தட்டில் ஒரு கோப்பை வைத்தாள். வருடா வருடம் அது ஆறிப்போயிற்று. அதில் ஒரு நியாயம் இருந்தது.

நம் சபையில் கல்யாணமானவர்களும் குருவாகலாம். நீங்கள் குருவாவதற்கு முன்பே உங்களுக்கு மனைவி இருந்தாள், இரண்டு பிள்ளைகள் இருந்தோம். ஆயர் எங்கள் மூன்று பேரையும் பார்த்துவிட்டுத்தான் உங்கள் தலையில் கை வைத்தார். எங்களைக் கேட்காமல் எப்படிக் குடித்தீர்கள்?

பிப்ரவரி 26 அவனுடைய நினைவுப் பூசை. முடிந்ததும் நாம் மூவரும் மண்டபத்தில் வரிசையாக நிற்போம். ஊர் வந்து கை கொடுக்கும். இந்த வருடம் நொஹ்ராவும் வருவான். அம்மாவிடம் கை நீட்டுவான். காப்பிதான் குடித்தாகிவிட்டதே.

குடித்தீர்களா, இல்லையா? ஒரே சொல்லில் பதில் போதும்.

ரஃப்கா


கஃபர் தீனா, 17 ஜனவரி

மகளே,

பங்குத்தந்தை அவர்களுக்கு என்று எனக்கு எழுதுகிறவர்கள் இரண்டே வகை. ஆயரகத்தில் உட்கார்ந்திருப்பவர்கள், இல்லையென்றால் கோவில் கூரை ஒழுகுவதை எனக்குத் தெரிவிப்பவர்கள். மூன்றாவது வகையாக நீ சேர்ந்திருக்கிறாய். இருக்கட்டும்.

குடித்தேன்.

ஒரு சொல் கேட்டாய், கொடுத்துவிட்டேன். இனி நான் கேட்கிறேன். ஞாயிறுதோறும் பீடத்தில் நின்று மன்னியுங்கள், மன்னியுங்கள் என்று கத்துகிறேனே, அது யாருக்கு? ஊராருக்கு மட்டுமா? அடுத்தவனுக்குச் சொன்னதைச் சொன்னவனே செய்தால் அது குற்றமா? நம் ஆண்டவர்

மணி அடிக்கிறது. வருகிறேன்.

மறுபடி உட்கார்ந்திருக்கிறேன். அஸ்ஸாஃபின் தாய்க்காக அடித்த மணி அது. ஆனால் அவள் சாகவில்லை. மணியடிக்கும் சர்கீஸ் அவசரப்பட்டுவிட்டான். நான் எண்ணெய்ச் சிமிழோடு ஓடிப்போய் நின்றால், அவள் ஒரு கண்ணைத் திறந்து, "அபூனா, இப்ப அடிச்சது எனக்கா? காது நல்லாத்தான் கேக்குது" என்கிறாள். பூசி ஜெபித்துவிட்டு, சர்கீஸைத் திட்டிவிட்டு வந்தேன். வழியில் இரண்டு பேர் வழிமறித்தார்கள். ஜெனரேட்டர் புகை யார் ஜன்னலுக்குள் போவது என்று சண்டை. அதுவும் என் தலையில்தான்.

இன்று அந்தோணியார் திருநாள் வேறு. மேல்கோவிலில் ஒரு பூசை, கீழ்க்கோவிலில் ஒரு பூசை, நடுவில் ஒரு ஞானஸ்நானம். குழந்தை என் அங்கியை நனைத்தது. அதைக் காயவைத்துக் கொடுக்க வீட்டில் ஆளில்லை. உன் அம்மா இருக்கிறாள், ஆனால் இல்லை. திருநாளிலிருந்து என்னோடு பேசுவதில்லை. தட்டை வைக்கிறாள், போகிறாள். சொல்ல வேண்டியதை அடுப்பிடம் சொல்கிறாள். "சில பேருக்கு உப்பு போதுமான்னு கேளு" என்று அடுப்பிடம் சொன்னாள். அடுப்பு கேட்கவில்லை. நானும் உப்பில்லாமல் தின்றேன்.

நீ பெய்ரூத்தில் இருக்கிறாய். உன் கோபத்தை ஒரு பெட்டிக்குள் சுத்தமாக மடித்து வைத்துக்கொள்ள உனக்கு முடிகிறது. அவன் இருக்கும் ஊரில் நான் இருக்கிறேன். பதினோரு வருடமாக ஞாயிறுதோறும் கடைசி வரிசையில் உட்காருகிறான். நற்கருணைக்கு ஒருநாளும் எழுந்து வந்ததில்லை. அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் 'சமாதானம் உங்களோடு' என்று சொல்ல வேண்டும். நீ சொல்லிப் பார்.

தீர்ப்பு எழுதுவதை விட்டுவிட்டு வீட்டுக்கு வா.

உன் தந்தை
யுவாக்கீம்


பெய்ரூத், 23 ஜனவரி

அபூனா யுவாக்கீம் அவர்களுக்கு,

ஊரே உங்களை அபூனா, எங்கள் அப்பா, என்று கூப்பிடும்போது நானும் அப்படியே கூப்பிட்டுவிட்டுப் போகிறேன்.

சனிக்கிழமை அம்மா இங்கே வந்துவிட்டாள். கதவைத் திறந்தால், ஒரு கையில் பெட்டி, இன்னொரு கையில் எண்ணெயில் போட்ட தயிர்க்கட்டி ஜாடி. மூச்சு வாங்க நின்றாள். என் அறைக்கு எழுபது படி ஏற வேண்டும். என்னம்மா என்று கேட்பதற்குள்,

"ஒங்கப்பாவுக்கு ஆள் வேணும்னா மணியடிச்சுக் கூப்பிட்டுக்கட்டும். ஊரு ஓடி வரும்" என்றாள்.

உள்ளே வந்து என் புத்தகங்களைக் கட்டிலிலிருந்து தரைக்குத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். உங்கள் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். மன்னிப்பைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்துக்கு வந்ததும் சிரித்தாள். அம்மா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"மன்னிச்சாராமா? எங்க, எழுதிருக்காரா அப்படி?"

"மன்னிக்கறது குத்தமான்னு கேட்டிருக்காரு."

"அது சரி. நேராச் சொல்லிருக்க மாட்டாரு, பொய் சொல்ல வராது அவருக்கு. சுத்தி வளைச்சுக் கேட்டிருப்பாரு. ரஃப்கா, அந்த மனுசன் நெசமா மன்னிச்சிருந்தார்னா நான் ஒரு மூலையில ஒக்காந்து அழுதுட்டு அங்கயே கெடந்திருப்பேன். பெட்டியத் தூக்கியிருக்க மாட்டேன்."

"அப்பறம் என்னதான் நடந்துச்சு?"

"வீட்டுக்கு வந்தாரு. நனைஞ்சு போயி வந்தாரு. அடுப்புப் பக்கம் ஒக்காந்து பூட்ஸக் கழட்டினாரு. 'இந்த வருஷம் எல்லா வீட்லயும் காப்பி தண்ணி மாதிரி இருந்துச்சு, நொஹ்ரா வீட்ல மட்டும் ஏலக்காய் தூக்கல்'னாரு. கையில இருந்த வெறகக் கீழ போட்டேன். 'எங்க குடிச்சீங்க?'ன்னு கேட்டேன். அப்பதான் அவரு மூஞ்சி வெளுத்துச்சு. அதுவரைக்கும் அவருக்கே தெரியாதுடி. களைப்பு. ஆரோ கையில குடுத்தாங்க, குடிச்சுட்டாரு. அவ்வளவுதான் ஒங்க அப்பாவோட மன்னிப்பு."

இதற்கு மேல் நான் என்ன எழுத?

நீங்கள் அவனை மன்னித்திருந்தால் உங்களோடு சண்டை போட்டிருப்பேன், தோற்றிருப்பேன், ஒருநாள் வயதான பிறகு உங்கள் பக்கம் வந்தும் இருப்பேன். இதோடு எப்படிச் சண்டை போடுவது? உங்கள் மகனுக்காக நாங்கள் காத்த ஒரே மரியாதையைக் கை அசதியில் கொடுத்துவிட்டு வந்தீர்கள். அது தெரிந்ததும் சுவிசேஷத்தை எடுத்து மேலே போர்த்தினீர்கள்.

இது முதல் தடவையும் அல்ல. ஷலீத்தாவைத் தூக்கி வந்த அன்று நீங்கள் மேல்கோவிலில் ஒரு கல்யாணம் நடத்திக்கொண்டிருந்தீர்கள். ஆள் வந்து காதில் சொன்னான். நீங்கள் கல்யாணத்தை முடித்துவிட்டு வந்தீர்கள். அதுவரைக்கும் அம்மாவும் நானும் அவன் காலைப் போர்வையால் சுற்றிக்கொண்டிருந்தோம். அது எனக்குப் பத்தாம் வகுப்பு. அதை இதுவரை உங்களிடம் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன்.

26ஆம் தேதிக்கு முன்னால் கோவிலில் எழுந்து நின்று உண்மையைச் சொல்லுங்கள். அது மன்னிப்பல்ல, களைப்பு என்று. சொல்லாவிட்டால் நினைவுப் பூசைக்கு அம்மாவும் வர மாட்டாள், நானும் வர மாட்டேன். வரிசையில் நீங்கள் தனியாக நின்று அவனுக்குக் கை கொடுங்கள்.

ரஃப்கா


கஃபர் தீனா, 31 ஜனவரி

ரஃப்கா,

உன் அம்மா சொன்னது உண்மை. அதைக் காகிதத்தில் எழுதி வாங்கிவிட்டாய், திருப்திதானே?

அந்த நாளைக் கேட்டுக்கொள். விடியுமுன் பூசை. பிறகு ஒலிவக் கிளையும் தீர்த்தச் சட்டியுமாகப் புறப்பட்டேன். மழை. முதல் வீடு யாருடையது என்று மேல்தெருக்காரர்களும் கீழ்த்தெருக்காரர்களும் என் முன்னாலேயே அடித்துக்கொண்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்ததும் பாகில் ஊறிய மாவுருண்டை. வேண்டாம் என்றால் 'ஏன், எங்க வீட்டு உருண்டை எறங்காதா?' ஒருத்தி மகனுக்கு விசா கிடைக்க ஜெபிக்கச் சொன்னாள். ஒருத்தி மருமகளைத் திட்டச் சொன்னாள். நடுவில் ஒரு கிழவர் மூச்சுத் திணறுகிறார் என்று ஆள் வந்தது. மலையேறிப் போய் எண்ணெய் பூசிவிட்டு இறங்கினேன். திரும்பி வரும்போது கை மரத்துவிட்டது. ஒலிவக் கிளையைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்தேன். கணப்புப் பக்கத்தில் நாற்காலி இருந்தது. உட்கார்ந்தேன். கையில் சூடாக ஏதோ வந்தது. அந்தச் சூடும் ஏலக்காயும் மட்டும்தான் நினைவிருக்கிறது; யார் வீடு என்பது உன் அம்மாவிடம் பெயரைச் சொன்ன பிறகுதான் உறைத்தது. குடித்தேன். நம் வாய் தானாகச் சொல்லுமே, என்றும் நிறைந்திருக்கட்டும் என்று, அதையும் சொல்லிக் கோப்பையைக் கொடுத்தேன். அந்த வீட்டுக்காரி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். அன்றைக்கு எல்லா வீட்டிலும் யாராவது அழுதார்கள். இவளுக்கு என்ன குறையோ, நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்று அடுத்த வீட்டுக்குப் போய்விட்டேன்.

அவ்வளவுதான். சாத்தான் சோதித்தான் என்று சொல்லக்கூட வழியில்லை. அவன் பக்கத்திலேயே வரவில்லை. கையில் குளிர், காலில் சேறு.

என் மேல் உங்கள் இருவருக்கும் உள்ள கோபத்தைப் போல இரண்டு பங்கு எனக்கு என் மேல் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு இந்த வாரம் இரண்டு அடக்கம் செய்தேன். அஸ்ஸாஃபின் தாய் கடைசியில் போய்விட்டாள். சர்கீஸ் இந்தத் தடவை என்னிடம் கேட்டுவிட்டுத்தான் மணியடித்தான்.

கல்யாணத்தைப் பற்றிக் கேட்டாய். கேட்டதே நல்லது. பீடத்தில் அந்தப் பெண் கிரீடம் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். பையன் தலையில் இன்னும் வைக்கவில்லை. காதில் சொன்னார்கள். நான் ஓடியிருந்தால் பாதிக் கல்யாணத்தில் நின்றவள் என்று அவள் ஆயுசுக்கும் பெயர் வாங்கியிருப்பாள். அதனால் இரண்டாவது கிரீடத்தையும் எடுத்து வைத்தேன். அது அவன் காதில் இடித்தது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நீ மன்னிக்க வேண்டாம். நான் மன்னித்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சொல்கிறேன். சொன்னால் என்ன நடக்கும் என்று உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஊர் முன்னால் அந்தப் பெண் வதாத்தின் கண்ணீரை எடுத்துச் சாக்கடையில் ஊற்றப் போகிறேன். ஆனாலும் சொல்கிறேன்.

உன் அம்மாவிடம் சொல், கம்பளி உள்சட்டைகள் எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை.

யுவாக்கீம்


பெய்ரூத், 7 பிப்ரவரி

அபூனா,

உள்சட்டைகள் உங்கள் அலமாரியின் கீழ்த்தட்டில், மெழுகுவர்த்திப் பெட்டிக்குப் பின்னால். அம்மா இதை என்னிடம் சொல்லவில்லை, கெட்டிலிடம் சொன்னாள்.

ஞாயிறு கடந்துவிட்டது. நீங்கள் எதுவும் சொல்லவில்லை.

துமித் நேற்று வந்தான். இந்தத் தடவை கை குலுக்கவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

"வெள்ளிக்கெழம கோவில்ல நொஹ்ரா வந்து ஒங்கப்பா நாற்காலி பக்கத்துல மண்டி போட்டான். பாவசங்கீர்த்தனம். ஊரே பாத்துச்சு. எவ்ளோ நேரங்குற? சர்கீஸ் மெழுகுவர்த்தி மாத்துனானாம்."

"அப்பா என்ன செஞ்சாரு?"

"பாவமன்னிப்புக்குப் போடுற கழுத்துப் பட்டைய எடுத்து அவன் தலமேல வச்சாரு. வேற என்ன செய்வாரு? எந்திரிச்சப்ப அவன் நல்லாத்தான் நடந்தான். ஒங்கப்பாதான் சுவத்தப் புடிச்சுக்கிட்டாரு."

அப்படியானால் இப்போது உங்களுக்குத் தெரியும்.

யார் சொல்லி அவன் கை காட்டினான், ஷலீத்தா என்ன பேசினான், பயந்தானா, பூட்ஸ் என்ன ஆயிற்று. பதினோரு வருடமாக அம்மா எந்தக் கேள்வியோடு எழுந்து எந்தக் கேள்வியோடு படுக்கிறாளோ, அதற்கான பதில் உங்களிடம் இருக்கிறது. அதை நீங்கள் சாகும்வரை யாரிடமும் சொல்லக் கூடாது. சொல்லவும் மாட்டீர்கள். அந்தச் சட்டம் எனக்குத் தெரியும். அதைச் சின்ன வயதில் எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே நீங்கள்.

அவன் தேர்ந்தெடுத்த ஆளைப் பாருங்கள். இந்த மலையில் எத்தனை குருக்கள் இருக்கிறார்கள்! கொன்ற பாரத்தைக் கொல்லப்பட்டவனின் அப்பாவிடமே இறக்கிவைத்து, வாயையும் பூட்டிவிட்டுப் போயிருக்கிறான். அந்தக் காப்பியால்தானே அவனுக்கு இந்தத் துணிச்சல் வந்தது? உங்கள் களைப்பை அவன் கதவு என்று நினைத்து உள்ளே வந்துவிட்டான். இப்போது அவன் லேசாக நடக்கிறான், நீங்கள் சுவரைப் பிடிக்கிறீர்கள், அம்மா இங்கே என் தலையணை உறைகளை மூன்றாம் முறையாகத் துவைக்கிறாள்.

அம்மாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் உங்கள் முகத்தைப் பார்த்துப் பார்த்தே பதிலைத் தோண்டப் பார்ப்பாள். அவளுக்கு அந்த நரகம் வேண்டாம்.

கோவிலில் சொல்வீர்களா, மாட்டீர்களா? அவன் சொன்னதைக் கேட்கவில்லை. நீங்கள் செய்ததைக் கேட்கிறேன். அதற்குப் பூட்டு இல்லை.

ரஃப்கா


கஃபர் தீனா, 10 பிப்ரவரி

ரஃப்கா,

அவன் வந்து மண்டியிட்டதை ஊர் பார்த்தது. அதற்கு மேல் அதைப் பற்றி என்னிடமிருந்து ஒரு சொல்லும் இல்லை. இனிமேல் அதைப் பற்றி எனக்கு எழுதாதே. எழுதினால் கிழித்துவிடுவேன்.

என் சொந்தக் காரியத்துக்கு வருகிறேன். சென்ற ஞாயிறு சொல்ல எழுந்தேன். வாய் வரவில்லை. காரணம் கேட்காதே. நேற்று மார் மாரூன் திருநாள். கோவிலில் நிற்க இடமில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள், குழந்தைகள், பட்டாசுப் பையோடு பையன்கள். பிரசங்கத்தில் புனிதரைப் பற்றி நாலு வாக்கியம் பேசினேன். ஐந்தாவது வாக்கியமாக இதைச் சொன்னேன்:

"ஒங்க எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும். திருநாளன்னிக்கு நொஹ்ரா வீட்ல நான் காப்பி குடிச்சேன். யோசிச்சுக் குடிக்கல. கை வெறச்சுப் போயிருந்துச்சு, எந்த வீட்ல இருக்கேன்னே எனக்குத் தெரியல. ஒங்க கிட்ட ஒளிச்சது என் தப்பு. குடிச்சது என் கோப்பை ஒண்ணுதான். என் பொண்டாட்டி கோப்பை அவகிட்ட இருக்கு. என் பொண்ணு கோப்பை அவகிட்ட இருக்கு. அதை யாரும் கேக்கக் கூடாது. நானும் கேக்கல."

அப்புறம் நடந்தது இது. வதாத் எழுந்தாள். "பதினொரு வருசம் ஒங்களுக்குக் காப்பி போட்டேன் அபூனா, எனக்கு இது வேணும்" என்றாள். முக்காட்டை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். மேல்தெருக்காரன் ஒருவன், "அப்ப ஜெனரேட்டர் வெசயத்துல எங்கள சமாதானம் பண்ணி வச்சதும் தூக்கத்துலதானா?" என்று கத்தினான். சிரித்தார்கள். திட்டினார்கள். ஒரு கிழவி அழுதாள். சர்கீஸ் பயந்துபோய்ப் பாட்டைத் தொடங்கிவிட்டான்.

நொஹ்ரா கடைசி வரிசையில் இருந்த இடத்திலேயே எழுந்து நின்றான். சத்தம் அடங்கும்வரை நின்றான்.

"எனக்குத் தெரியும் அபூனா. அன்னைக்கே தெரியும். நீங்க கோப்பையப் பாக்கவே இல்ல" என்றான். உட்கார்ந்துகொண்டான்.

எல்லோர் முன்னாலும் சொன்னது, அதனால் எழுதுகிறேன். நான் பூசையைத் தொடர்ந்தேன். அதுதான் எனக்குத் தெரிந்த வேலை.

நீ கேட்டதைச் செய்துவிட்டேன். சந்தோஷமாக இருக்கிறாயா என்று கேட்க மாட்டேன். எனக்கு இல்லை. வதாத் வீட்டுக்கு இன்று காலை போனேன். கதவைத் திறக்கவில்லை. அவள் செய்தது சரி.

உள்சட்டை கிடைத்தது.

யுவாக்கீம்


பெய்ரூத், 22 பிப்ரவரி

அப்பா,

நேற்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் கருத்தை நடுவில் நுழைக்காமல் இருக்கப் பார்க்கிறேன்.

மாலையில் கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தேன். நொஹ்ரா. துமித்தின் வண்டியில் வந்திருக்கிறான். அவன் இவ்வளவு கிழவனாகிவிட்டது எனக்குத் தெரியாது. தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வெளியிலேயே நின்றான்.

"கூரியேகிட்ட ஒரு விசயம் சொல்லணும். சொல்லிட்டுப் போயிடுறேன்."

அம்மா உள்ளேயிருந்து குரல் கேட்டாள். பாதிரியார் மனைவி என்று அவளை அப்படிக் கூப்பிடுகிறவர்கள் பெய்ரூத்தில் யாருமில்லை. வந்தாள். பார்த்தாள். கதவை அடைக்கவில்லை. "நின்னுக்கிட்டே சொல்லு" என்றாள்.

அவன் நின்றுகொண்டே சொன்னான். துப்பாக்கிக்காரர்கள் அன்று யாரையாவது பிடித்தே ஆக வேண்டுமென்று நின்றார்களாம். ஊர்ப் பையன்களில் ஒருவனைக் காட்டு, இல்லையென்றால் உன் தம்பியைக் கூட்டிப் போகிறோம் என்றார்களாம். அப்போது ஷலீத்தா இருந்த நம் ஊர் வண்டி வந்தது. "பாதிரியார் புள்ளைன்னா அடிக்க மாட்டாங்க, விட்டுருவாங்கன்னு நெனச்சேன்" என்றான். "அப்படி நெனச்சேனா, இல்ல பின்னாடி நானே சொல்லிக்கிட்டேனான்னு இப்பத் தெரியல."

அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

"பூட்ஸ் எங்க?"

"நான்தான் கழட்டச் சொன்னேன். என் செருப்பு கிழிஞ்சிருந்துச்சு. பனி. கழட்டிக் குடுத்தான். வெரல் வெறச்சு நாடா அவுக்க வரல அவனுக்கு. சீக்கிரம்டான்னு திட்டுனேன்."

படிக்கட்டில் யாரோ ஏறி எங்களைக் கடந்து மாடிக்குப் போனார்கள். மாலை வணக்கம் சொன்னார்கள். நாங்கள் மூவரும் பதில் சொன்னோம்.

"சரியா இருந்துச்சா ஒனக்கு?" என்றாள் அம்மா.

அவன் அழுவான் என்று நினைத்தேன். அழவில்லை. "சரியா இருந்துச்சு கூரியே. ரெண்டு குளிர்காலம் போட்டேன்."

"ஒரு நம்பர் பெருசா வாங்கியிருந்தேன். வளர்ற புள்ளைன்னு. ஒனக்காகத்தான் வாங்கிருக்கேன் போல."

அப்போதுதான் சமையல் மூலையிலிருந்து சீறும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். காப்பிக் கெண்டி பொங்கி அடுப்பில் வழிந்துகொண்டிருந்தது. மூன்று கோப்பைகள் தட்டில் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன.

நான்தான் வைத்திருக்கிறேன், அப்பா. கதவைத் திறந்ததற்கும் அவன் பேசத் தொடங்கியதற்கும் நடுவில் எப்போதோ போய், தண்ணீர் ஊற்றி, தூள் போட்டு, ஏலக்காய் தட்டிப் போட்டிருக்கிறேன். வீட்டுக்கு ஆள் வந்தால் கை செய்யும் வேலையைச் செய்திருக்கிறது. எனக்குத் தெரியவே தெரியாது. குளிர்கூட இல்லை. களைப்பும் இல்லை.

அம்மா கெண்டியைப் பார்த்தாள், கோப்பைகளை எண்ணினாள், என்னைப் பார்த்தாள்.

"அப்பனுக்குப் பொறந்தவதான்டி நீ" என்றாள். போய் அடுப்பை அணைத்தாள்.

அவன் அந்த மூன்றாவது கோப்பையைப் பார்த்தான். உடனே கண்ணை எடுத்துக்கொண்டான். அவன் கேட்கவில்லை, நாங்கள் கொடுக்கவில்லை. அம்மா அவனிடம் திரும்பி வந்து சொன்னது இதுதான்: "ஞாயித்துக்கெழம பூசைக்கு வா. கடைசி வரிசையில நில்லு. மண்டபத்துக்கு வராத. வந்தாலும் எங்கிட்ட கை நீட்டாத. நீட்டுனா ஊர் முன்னால அப்படியே அந்தரத்துல விட்டுருவேன். எனக்கு வயசாயிருச்சு, நான் எதுக்கும் கூச்சப்பட மாட்டேன்."

"சரி கூரியே."

"வதாத்துகிட்டச் சொல்லு, அவ மேல எனக்கு ஒண்ணும் இல்லன்னு."

அவன் இறங்கிப் போனான். அம்மா வழிந்ததைத் துடைத்தாள். மிச்சம் இருந்ததை இரண்டு கோப்பையில் ஊற்றினாள். நாங்கள் இருவரும் குடித்தோம். அம்மா அதற்குப் பிறகுதான் அழுதாள். பூட்ஸுக்காக அல்ல, நாடாவுக்காக. "வெறச்சுப் போன வெரலு" என்று ஒரே சொல்லைச் சொல்லிச் சொல்லி அழுதாள்.

இங்கே வந்து இதைச் சொல்லும்படி அவனிடம் நீங்கள் சொன்னீர்களா? பதில் வராது என்று தெரியும். வர வேண்டாம்.

அவனை நான் மன்னிக்கவில்லை. உங்களையும் முழுசாக மன்னிக்கவில்லை. கல்யாணத்தில் சிரித்ததை விட்டுவிடுகிறேன். முடித்துவிட்டு வந்ததை இன்னும் விட முடியவில்லை. கோபம் அப்படியே இருக்கிறது. ஆனால் அது எதன் மேல் உட்கார்ந்திருந்ததோ, அது நேற்று என் கையாலேயே கொஞ்சம் நகர்ந்துவிட்டது.

சனிக்கிழமை துமித்தின் வண்டியில் வருகிறோம். அடுப்பை மூட்டி வையுங்கள். காப்பி நான் போடுவேன். நீங்கள் உட்கார்ந்து, கோப்பையைப் பார்த்து, கடைசிவரை குடிக்க வேண்டும். நடுவில் மணியடித்தால் எழுந்து போகக் கூடாது. போனால் அடுத்த வண்டியில் திரும்பிவிடுவேன்.

மகள்
ரஃப்கா


கஃபர் தீனா, 23 பிப்ரவரி

மகளே,

துமித் வண்டியைக் கிளப்பிக்கொண்டே இருக்கிறான், அதனால் நீளமாக எழுத நேரமில்லை.

சனிக்கிழமை ஒரு ஞானஸ்நானம் இருந்தது, தள்ளி வைத்தேன். குழந்தையின் பாட்டன் என்னோடு பேச மாட்டானாம். ஜெனரேட்டர்க்காரர்களை அவர்களே அடித்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன். ஆயரகத்திலிருந்து யாரோ வருகிறார்களாம். வீட்டில் ஆளிருக்காது என்று சொல்லியனுப்பினேன்.

மணிக் கயிற்றை நானே ஏறிச் சுருட்டி உத்திரத்தில் கட்டிவிட்டேன். சர்கீஸுக்கு எட்டாது. அன்றைக்கு யாராவது செத்தால், என் கோப்பை காலியாகும்வரை காத்திருக்கட்டும்.

ஏலக்காய் தூக்கலாகப் போடு.

அப்பா